யூபிலித் திருப்பலிக்கு இசை அமைத்த தந்தை

யூபிலி என்றதும் நாம் ஆண்டுகளை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். இருபத்தைந்து என்றால் வெள்ளி, ஐம்பது என்றால் பொன், நூறு என்றால் நூற்றாண்டு விழா. ஆண்டவர் தந்த ஆண்டுகளை நன்றியோடு எண்ணுவது நல்லதே. ஆனால் எந்த யூபிலியையும் காணாமல் பாதி வழியிலேயே அழைக்கப்பட்டுச் சென்றவர்களும் நம் நடுவே உண்டு. குறுகிய காலத்தில் அவர்கள் கொடுத்துச் சென்றதை எந்தக் கணக்கில் எழுதுவது? இந்த மலரின் பக்கங்களில் அத்தகைய ஒருவரின் வாழ்வை நம் பங்கு மக்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் ஜெர்மானிய இசை மேதை கார்ல் மரியா ஃபான் வேபர். தம் மன்னருடைய திருமணப் பொன்விழாவுக்கு யூபிலித் திருப்பலி இசை அமைத்துத் தந்தவர் அவர். அவருடைய சொந்த இல்லறமோ எட்டு ஆண்டு ஏழு மாதங்களில் முடிந்துபோயிற்று.

1819-ஆம் ஆண்டு சனவரி மாதம். சாக்சனி நாட்டின் தலைநகரான டிரெஸ்டனில் பெருவிழா. மன்னர் முதலாம் பிரடெரிக் அகுஸ்துவும் அவர் அரசியும் மணம் புரிந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்திருந்தன. அந்நாட்டுக் குடிமக்களில் பெரும்பாலோர் லூத்தரன் சபையினர். அரச குடும்பம் மட்டும் கத்தோலிக்கக் குடும்பம். ஆகவே அரண்மனையை அடுத்திருந்த கத்தோலிக்க ஆலயத்தில்தான் நன்றித் திருப்பலி நடைபெற்றது. வேபர் ஜீ மேஜர் சுருதியில் அதற்கென்றே இயற்றிய திருப்பலி இசையை இன்றும் யூபிலித் திருப்பலி என்றே அழைக்கிறார்கள். அப்போது வேபருக்கு வயது 32. வீட்டில் அவருடைய தலைப்பிள்ளை, ஒரு பெண் குழந்தை, பிறந்து ஒரு மாதமே ஆகியிருந்தது.

வேரில்லாத இளமை

வேபர் 1786-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வட ஜெர்மனியிலுள்ள ஒய்ட்டின் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பிரான்ஸ் ஆன்டன் இசைக் கலைஞர். நாடகக் குழு ஒன்றை நடத்தி ஊர் ஊராகச் சுற்றியவர். தாய் ஜெனோவெஃபா பாடகி. தந்தையின் அண்ணன் மகளான கான்ஸ்டன்ஸ் என்பவரைத்தான் உலகப் புகழ் பெற்ற மோட்சார்ட் மணந்திருந்தார். எனவே வேபருக்கு மோட்சார்ட் மைத்துனர் முறை. தம் மகனையும் மற்றொரு மோட்சார்ட் ஆக்கிவிட வேண்டும் என்பது தந்தையின் தீராத ஆசை. பிள்ளைக்கு எது தேவை என்பதைவிடப் பிள்ளையால் தமக்கு என்ன பெயர் வரும் என்பதையே அவர் மிகுதியும் எண்ணினார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

குழந்தையோ நோஞ்சான். இடுப்பு எலும்பில் பிறவியிலேயே கோளாறு. நான்கு வயது வரை நடக்கவே முடியவில்லை. பிறகும் வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார். ஓரிடத்தில் நிலையாகத் தங்கிப் படிக்க வழியில்லை. தாயின் அன்பாவது நிலைத்ததா என்றால் அதுவுமில்லை. 1798-இல் சால்ஸ்பர்க் நகரில் தாய் காசநோயால் மரித்தார். மகனுக்கு அப்போது பதினோரு வயது. அந்நோயே பின்னர் மகனின் உயிரையும் கொள்ளை கொள்ளப் போகிறது என்று அன்று யார் அறிவார்?

ஆயினும் ஆண்டவர் அச்சிறுவனைக் கைவிடவில்லை. அதே சால்ஸ்பர்க்கில் மிக்கேல் ஹைடன் என்ற பெரியவர் இருந்தார். புகழ் பெற்ற யோசேப்பு ஹைடனின் தம்பி. ஆலய இசைக்கே தம் வாழ்நாளை அர்ப்பணித்தவர். அவர் ஏழைச் சிறுவனுக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த ஆண்டே வேபரின் முதல் படைப்பாக ஆறு சிறு இசைத் துணுக்குகள் அச்சேறின. பதினான்காவது வயதில் அவருடைய இசை நாடகம் ஒன்று மேடை ஏறிற்று. பதினேழாவது வயதில் பிரெஸ்லாவ் நகர நாடக அரங்கின் இசை இயக்குநராக அமர்ந்துவிட்டார்! அரங்கில் இருந்த மூத்த கலைஞர்களுக்கு இந்த மீசை முளைக்காத பிள்ளையின் கீழ் வேலை செய்வது பிடிக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1806-இல் அங்கே ஒரு விபத்து நேர்ந்தது. அச்சு வேலைக்காகத் தந்தை ஒரு திராட்சை மதுப் புட்டியில் கடுமையான அமிலத்தை ஊற்றி வைத்திருந்தார். மது என்று எண்ணி வேபர் அதைக் குடித்துவிட்டார். உயிர் பிழைத்தது பெரும்பேறு. ஆனால் அவருடைய இனிய பாடற்குரல் அன்றோடு போயிற்று. பாடகியின் மகன் அதன் பின் பாட முடியாதவரானார். குரலை இழந்தவர் மற்றவர்களின் குரல்களுக்கும் கருவிகளுக்கும் இசை எழுதுவதில் மேலும் முனைந்தார்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

பெரியோரின் வாழ்வை எழுதும்போது அவர்கள் இடறி விழுந்த இடங்களை மறைத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது வாசிப்பவருக்கு நன்மை செய்யாது என்பது நம் கருத்து. 1807 முதல் வேபர் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு சிற்றரசரின் செயலராக இருந்தார். அந்த அரண்மனையில் ஒழுங்கும் இல்லை, ஒழுக்கமும் இல்லை. இளைஞர் வேபர் கூட்டாளிகளோடு சேர்ந்து கைமீறிச் செலவு செய்தார். கடன் பெருகியது. பணக் குழப்பங்களில் சிக்கினார். 1810 பெப்ருவரியில் கைது செய்யப்பட்டார். வழக்கு முடிந்ததும் தந்தையும் மகனும் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். அப்போது அவருக்கு 23 வயது.

நாடு கடத்தப்பட்ட அந்நாளிலேயே, அதாவது 1810 பெப்ருவரி 26 அன்று, அவர் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அன்றாட வேலை, வரவு, செலவு எல்லாம் அதில் ஒழுங்காகப் பதியப்பட்டன. சாகும் வரை, பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக, அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. பழைய கடனைச் சிறுகச் சிறுக அடைத்தார். தம்மைப் பல வகையிலும் அலைக்கழித்த தந்தையை 1812-இல் அவர் மரிக்கும் வரை தாங்கினார். மனந்திரும்புதல் என்பது கண்ணீரோடு முடிவதில்லை. அது நாள்தோறும் கணக்கு எழுதும் பொறுமையாகவும் இருக்கலாம் என்பதை இந்த இளைஞரிடம் காண்கிறோம்.

இந்த வேளையில் அவரைச் சேர்த்துக்கொண்டவர் ஒரு கத்தோலிக்கக் குரு. ஃபோக்லர் அடிகள் டார்ம்ஸ்டாட் நகரில் இசைப் பள்ளி நடத்தி வந்தார். முன்பு வியன்னாவில் வேபருக்குப் பாடம் சொன்னவரும் அவரே. நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பழைய மாணவனுக்கு அவர் கதவை அடைக்கவில்லை. அங்கிருந்து வேபரின் வாழ்வு நிமிர்ந்தது. 1811-இல் மியூனிக் நகரில் கிளாரினெட் கருவிக்கென அவர் எழுதிய இசைக் கோவைகளை உலகெங்கும் அக்கருவியைக் கற்போர் இன்னமும் வாசித்து வருகிறார்கள்.

1813 முதல் 1816 வரை பிராக் நகர நாடக அரங்கின் இசைப் பொறுப்பு அவரிடம் இருந்தது. அங்கே சில கலைஞர்கள் அவருக்குப் புரியாத செக் மொழியில் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அவர் சினந்து பயனில்லை என்று கண்டு, அந்த மொழியையே கற்றுக்கொண்டார்! பயிற்சிக்கு நேரம் குறிப்பது, பாடகர்களுக்கும் கருவி இசைப்போருக்கும் தனித்தனியே பயிற்சி தந்து பிறகு ஒன்று சேர்ப்பது, யார் எங்கே அமர்வது என்று வகுப்பது ஆகிய ஒழுங்குகளைப் பிராகிலும் பின்னர் டிரெஸ்டனிலும் அவர் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார். திருவிழாவுக்கு முதல் நாள் மாலைதான் பாடற்குழு கூடும் ஊர்களில் இச்செய்தியைச் சற்று உரக்கவே வாசிக்கலாம்.

இல்லறமும் ஆலயமும்

1817-இல் டிரெஸ்டன் அரசவை அவரை இசைத் தலைவராக அழைத்தது. ஜெர்மன் இசை நாடகத்தை வளர்ப்பது அவருடைய முதற் பொறுப்பு. அதோடு அரண்மனைக் கத்தோலிக்க ஆலயத்தின் வழிபாட்டு இசையை நடத்தும் கடமையும் சேர்ந்திருந்தது. இந்த ஆலயமே 1980-இல் மறைமாவட்டத்தின் பேராலயமாக உயர்ந்தது. அதே 1817-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் பிராக் நகரில் பாடகி கரோலின் பிராண்ட் என்பவரை வேபர் மணந்தார். மேடையில் நற்பெயர் பெற்றிருந்த கரோலின் மணத்திற்குப் பிறகு மேடையை விட்டு இல்லத்தைத் தம் பொறுப்பில் ஏற்றார். நிலையான வீடு என்பதையே அறியாமல் வளர்ந்த வேபருக்கு முப்பதாம் வயதில்தான் ஒரு வீடு கிடைத்தது.

1818-இல் ஆலயத்துக்கென முதல் திருப்பலி இசையை இயற்றினார். அதே ஆண்டு செப்டம்பரில் மன்னர் அரசேற்ற ஐம்பதாம் ஆண்டுக்கு யூபிலி முன்னிசை. அடுத்த சனவரியில் நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட யூபிலித் திருப்பலி. விழாவுக்கு மேல் விழா. இடையே 1818 டிசம்பர் 22 அன்று, கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள் முன்பாக, பெண் குழந்தை பிறந்தது. வேபரின் வீட்டில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை.

அந்த மகிழ்ச்சி நான்கு மாதம்தான் நீடித்தது. 1819 ஏப்ரல் 28 அன்று குழந்தை இறந்தது. அந்த இளவேனிற் காலத்தில் வேபரும் நோயுற்றிருந்தார். பிறருடைய ஐம்பதாண்டு இல்லறத்துக்கு நன்றி கூறிப் பண் அமைத்த கை, நூறு நாள் கழித்துத் தன் பிள்ளையைக் கல்லறைக்கு வழியனுப்பியது. பிள்ளையைப் புதைத்த பெற்றோர் எந்தப் பங்கிலும் உண்டு. அவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அவ்வாண்டுக் கோடையில் டிரெஸ்டனை அடுத்த ஹோஸ்டர்விட்ஸ் கிராமத்துச் சிறு வீட்டில் தங்கியிருந்தபோது வேபர் பியானோவுக்கென ஒரு துள்ளல் இசை எழுதினார். நடனத்துக்கு அழைப்பு என்பது அதன் பெயர். அதைத் தம் மனைவி கரோலினுக்கே காணிக்கையாக்கினார். இன்று உலகமெங்கும் ஒலிக்கும் அந்த இசையை மகிழ்ச்சிப் பாட்டு என்றே எல்லாரும் கேட்கிறார்கள். பிள்ளையை இழந்த தாய்க்கு ஒரு கணவன் அளித்த பரிசு அது என்பதை அறிந்து கேட்போர் சிலரே.

1821 சூன் 18 அன்று பெர்லின் நகரில் வேபரின் தலைசிறந்த படைப்பான ஃப்ரைஷுட்ஸ் என்ற இசை நாடகம் அரங்கேறியது. ஜெர்மன் மக்கள் அதைத் தங்கள் சொந்தப் பாட்டாக ஏற்றுக்கொண்டார்கள். மாக்ஸ் என்ற வேட்டைக்காரன் மணப்பெண்ணை அடையும் ஆவலில் தீய சக்தியின் துணையால் குறி தவறாத குண்டுகளைப் பெறுகிறான். முடிவில் உண்மை வெளிப்படுகிறது. தலைவன் அவனை நாடு கடத்தத் தீர்ப்பிடுகிறான். அப்போது காட்டில் வாழும் துறவி ஒருவர் குறுக்கிட்டு, நாடு கடத்த வேண்டாம், ஓராண்டு தவணை கொடுத்துப் பார்ப்போம் என்று பரிந்து பேசி அவனைக் காப்பாற்றுகிறார். நாடக ஆசிரியர் வேறொருவரே ஆனாலும், 23 வயதில் தாமே நாடு கடத்தப்பட்டு, ஒரு குருவானவரின் வாசலில் மறுவாழ்வு பெற்ற மனிதர் அக்காட்சிக்கு இசை எழுதும்போது என்ன எண்ணியிருப்பார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1822 ஏப்ரல் 25 அன்று ஆண் குழந்தை பிறந்தது. அவனுக்கும் மாக்ஸ் என்றே பெயர். மாக்ஸ் மரியா. 1825 சனவரி 6 அன்று, மூன்று அரசர்கள் திருநாளில், இரண்டாம் மகன் அலெக்சாண்டர் பிறந்தான். வீட்டில் குழந்தைகளோடு நாய், குரங்கு என்று ஒரு பட்டாளமே இருந்தது. வெளியூர் சென்றால் மனைவிக்கு ஓயாமல் கடிதம் எழுதுவார். அக்கடிதங்களில் பிள்ளைகளுக்கு முத்தமும் ஆசீரும் தவறாமல் இடம்பெறும். தமக்குத் தம் தந்தையிடமிருந்து கிட்டாததைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் உறுதி பூண்டதுபோல் தெரிகிறது.

கடல் கடந்த தந்தை

ஆனால் காசநோய் வளர்ந்துகொண்டே இருந்தது. புகழ் பெருகியதே தவிர வீட்டில் சேமிப்பு இல்லை. அக்காலத்தில் நாடகம் எழுதியவருக்கு ஒரு முறை கொடுத்த தொகையோடு சரி. பிறகு எத்தனை ஊர்களில் ஆடினாலும் அவருக்குப் பெரும்பாலும் பங்கு கிடையாது. ஃப்ரைஷுட்ஸால் பல அரங்கங்கள் செழித்தன. அதை இயற்றியவரின் பிள்ளைகளுக்கோ நாளைய உணவுக்கு உறுதி இல்லை.

இந்த நிலையில்தான் 1824-இல் லண்டன் கவென்ட் கார்டன் அரங்கிலிருந்து அழைப்பு வந்தது. ஆங்கிலத்தில் ஒரு புதிய இசை நாடகம் எழுதி, தாமே வந்து நடத்தித் தர வேண்டும். வாக்களிக்கப்பட்ட தொகை டிரெஸ்டனில் ஓராண்டு முழுவதும் உழைத்துப் பெறும் ஊதியத்தைவிட மிகப் பெரியது. ஓய்வெடுத்து வெப்ப நாடான இத்தாலியில் தங்கினால் இன்னும் சில ஆண்டு வாழலாம், லண்டன் பயணமும் வேலையும் உயிரை விரைவில் குடித்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்தார். வேபர் எண்ணிப் பார்த்தார். போனாலும் போகாவிட்டாலும் தமக்கு நாள் அதிகமில்லை. போனால் தாம் மறைந்த பின் பிள்ளைகளுக்குச் சோறு இருக்கும். போகாவிட்டால் அதுவும் இராது. முடிவு செய்துவிட்டார்.

வந்த வேலையை ஏனோதானோவென்று செய்யவும் அவர் இசையவில்லை. பிறர் மொழிக்குப் பண் அமைக்கும் முன் அம்மொழியைக் கற்க வேண்டும் என்று, இருமலும் காய்ச்சலுமாக, 153 ஆங்கிலப் பாடங்கள் படித்தார். உயிர்த்த ஆண்டவரின் சொற்படி வலை வீசிய சீடர்களுக்குக் கிடைத்த மீன்களின் எண்ணிக்கையும் 153 என்பது நற்செய்தி வாசிப்போருக்கு நினைவு வரும். இரவு முழுவதும் உழைத்தும் வெறுங்கையோடு இருந்தவர்களுக்கு அது ஆண்டவர் தந்த கொடை. வேபரும் தம் வாழ்வின் இரவில் தம் பிள்ளைகளுக்காக வலை வீசினார்.

1826 பெப்ருவரியில் புறப்பட்டார். துணைக்கு ஃபுர்ஸ்டெனவ் என்ற புல்லாங்குழல் கலைஞர் உடன் சென்றார். மாக்ஸுக்கு அப்போது நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அலெக்சாண்டருக்கு ஒரு வயது. பயண வண்டியின் கதவு மூடிய ஓசை கரோலினின் காதில் சவப்பெட்டி மூடும் ஓசையாக விழுந்தது என்று மகன் பின்னாளில் எழுதினார்.

மார்ச்சுத் தொடக்கத்தில் லண்டன் சேர்ந்தார். இசைக் கலைஞர் சர் ஜார்ஜ் ஸ்மார்ட் தம் இல்லத்தில் அவருக்கு இடம் தந்து அன்போடு பேணினார். ஓபெரான் என்ற புதிய நாடகத்தின் முன்னிசையை ஏப்ரல் 9 அன்று முடித்தார். ஏப்ரல் 12 அன்று அரங்கேற்றம். மக்களின் ஆரவாரம் அடங்கவில்லை. ஒப்பந்தப்படி முதல் பன்னிரண்டு நிகழ்ச்சிகளைத் தாமே நடத்தினார். மூச்சுத் திணறலும் நடுங்கும் கைகளுமாக நாளுக்கு நாள் தேய்ந்தார். வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலோ தம் நோயை இயன்றவரை குறைத்தே எழுதினார்.

மே 26 அன்று அவருடைய நலனுக்காக ஓர் இசை நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. அதில் பாடுவதற்கென ஒரு புதுப் பாட்டு வேண்டியிருந்தது. பாடகிக்குரிய வரியை மட்டும் தாளில் எழுத முடிந்தது. பக்க இசையை எழுதக் கையில் வலு இல்லை. மேடையில் மனத்திலிருந்தே வாசித்தார். அதுவே அவருடைய கடைசிப் படைப்பு. எதிர்பார்த்த கூட்டம் அன்று வரவில்லை. ஆரவாரம் செய்த பெருநகரம் அந்த மாலை வேறு பக்கம் போய்விட்டது. இன்னும் பணம் சேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டு, வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஒரே ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது.

சூன் 6 அன்று புறப்படுவதாக ஏற்பாடு. சூன் 4, ஞாயிறு இரவு, துணைக்கு உடனிருப்பதாக நண்பர்கள் சொல்லியும் அவர் இசையவில்லை. மறுநாள் காலை கதவு திறக்கப்படவில்லை. உடைத்துத் திறந்தபோது அவர் கட்டிலில் உறங்குபவர்போல் கிடந்தார். உயிர் பிரிந்திருந்தது. வயது 39. வீட்டுக்குத் திரும்பும் பயணத்துக்கு ஒரே ஒரு நாள் மீதமிருந்தது.

சூன் 21 அன்று லண்டன் மூர்பீல்ட்ஸ் கத்தோலிக்க ஆலயத்தில் அடக்கச் சடங்கு நடந்தது. இறந்தோர் திருப்பலிக்கென மோட்சார்ட் இயற்றிய இசை பாடப்பட்டது. 35 வயதில், இளம் மனைவியையும் இரு ஆண் பிள்ளைகளையும் விட்டு மறைந்த மைத்துனரின் இசை, அதேபோல் மனைவியையும் இரு ஆண் பிள்ளைகளையும் விட்டு மறைந்தவரின் உடலைச் சுற்றி ஒலித்தது.

பதினெட்டு ஆண்டுகள் அவர் அந்நிய மண்ணில் கிடந்தார். டிரெஸ்டனில் வேபர் வகித்த பதவிக்குப் பிற்பாடு வந்த ரிச்சர்ட் வாக்னர் என்ற இளம் இசைஞர் பெரிதும் முயன்று, 1844 டிசம்பரில் அவர் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரச் செய்தார். டிரெஸ்டனின் பழைய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார். ஓவியக் கலை பயின்ற இளைய மகன் அலெக்சாண்டர் அதற்குச் சில வாரங்கள் முன்பே, பத்தொன்பதாம் வயதில் இறந்துபோயிருந்தான். அந்த ஆண்டில் கரோலின் அம்மையார் பட்ட துயரை எந்த இசையாலும் அளக்க முடியாது.

அவர் விட்டுச் சென்றது

வேபர் செய்தது சரியா? ஓய்வெடுத்திருந்தால் பிள்ளைகளோடு இன்னும் சில ஆண்டு இருந்திருக்கலாமே என்று கேட்போர் உண்டு. குடும்பத்துக்காகக் கடல் கடந்து பொருள் தேடும் தந்தையர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவர்கள் இல்லாத குறையும் அதே வீட்டில்தான் இருக்கிறது. இதை ஒரு சொல்லில் தீர்ப்பிட நமக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வோம். பிள்ளைக்குத் தந்தையின் பணம் எவ்வளவு தேவையோ அவ்வளவு அவருடைய முகமும் தேவை. முகத்தைக் காட்ட முடியாத தந்தை தம் கடிதத்திலாவது முகத்தைக் காட்டுவாராக. வேபர் அதைச் செய்தார்.

அதற்குச் சான்று மூத்த மகன் மாக்ஸ் மரியா. தந்தையைப் பிரிந்தபோது அவன் மழலை பேசும் குழந்தை. வளர்ந்து இசைக் கலைஞர் ஆகவில்லை, இரயில்வே பொறியாளர் ஆனார். இரயில் தொழிலாளரின் பாதுகாப்பையும் நலத்தையும் குறித்து எழுதியவர் என்ற பெயரும் பெற்றார். அந்தப் பொறியாளர் 1864-ஆம் ஆண்டு முதல் தம் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். நினைவில் சரியாகப் பதியாத தந்தையை, அவர் விட்டுச் சென்ற நாட்குறிப்பிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் மகன் தேடிக் கண்டடைந்தார். நாடு கடத்தப்பட்ட நாளில் தொடங்கிய அந்தக் கணக்குப் புத்தகம் மகனுக்குத் தந்தையின் உயில் ஆயிற்று. லண்டனில் சேர்த்த பணம் என்றோ செலவாகிவிட்டது. இந்தச் செல்வம் செலவாகவில்லை.

அன்புக்குரிய பங்கு மக்களே! நம் ஆலயங்களில் ஆண்டுக்கணக்காக ஆர்மோனியம் வாசித்தவர்கள், பூசைக்குப் பாடியவர்கள், சிறுவருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர்கள் பலர் யூபிலி காணாமல் சென்றுவிட்டார்கள். திருவிழா மாலைகளில் அவர்களுடைய பாட்டுக்கு நாம் மகிழ்ந்தோம். அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று கேட்டோமா? லண்டன் மாநகர் வேபருக்குக் கை தட்டியது. அவருடைய குடும்பத்துக்காக நடந்த மாலையிலோ இருக்கைகள் காலியாய்க் கிடந்தன. கை தட்டுவது எளிது, கை கொடுப்பது கடினம். யூபிலி ஆண்டில் கடன்கள் தீர்க்கப்பட வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டுக் காலத்திலிருந்தே உள்ள கட்டளை. மறைந்துபோன இசைத் தொண்டர்களின் குடும்பங்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை இந்த யூபிலியில் நினைவு கூர்வோம். அவர்கள் பிள்ளைகளின் படிப்பைக் கேட்டறிவோம். அவர்கள் பெயரால் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுப்போம்.

வேபரின் இல்லறத்துக்கு வெள்ளிவிழாவும் இல்லை, பொன்விழாவும் இல்லை. ஆயினும் அவர் இயற்றிய யூபிலித் திருப்பலி இருநூறு ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறது. தம் வாழ்நாளைப் பிள்ளைகளுக்கென ஈந்த அந்தத் தந்தைக்கும், அவரைப் போல் இளமையில் அழைக்கப்பட்ட எல்லாத் தந்தையருக்கும் வானகத் தந்தை முடிவில்லாத யூபிலியை அருள்வாராக.